பாளையங்கோட்டையில் ஐந்து மொழி நாடகம்: நடத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை

ஐந்து மொழி பேசும் நாடகம் ஒன்றைப் பாளையங்கோட்டையில் போடலாம் என்று நான் சொன்னதும், எங்கள் வட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "நம்ம ஊர்ல இது யாருக்குப் புரியும், டீச்சர்?" நியாயமான கேள்வி. தமிழ், மலாய், ஆங்கிலம், ஜப்பானியம், கான்டனீஸ் என்று ஒரே காட்சிக்குள் மூன்று மொழி மாறும். பாத்திரங்கள் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் பேச வேண்டியிருக்கும்போதெல்லாம் மொழியை மாற்றிக்கொள்வார்கள். இப்போது காட்சிகள் நல்லபடியாக முடிந்துவிட்டன. இதே மாதிரி நாடகத்தைத் தங்கள் ஊருக்கு அழைக்க நினைக்கும் நண்பர்கள் விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாடகத்தின் பெயரையும் குழுவின் பெயரையும் தவிர்த்துவிடுகிறேன். த்ரில்லர் அது, இன்னும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது, முடிச்சு என் வழியாக அவிழக் கூடாது. கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்லலாம். 1943, ஜப்பானியர் பிடியில் இருக்கும் சிங்கப்பூர். மலாயாவுக்குப் போன ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில் பெண் வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் நடிகர், போரில் கம்பெனி சிதறியதும் ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கே மாட்டிக்கொள்கிறார். தமிழ் ஆண்களை ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்ததும், மேடையில் கட்டிய சேலையை வீதியிலும் கட்டிக்கொண்டு பெண்ணாகவே வாழத் தொடங்குகிறார். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாயிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஒருவன் அவர்மேல் ஆசை கொள்கிறான். இருவரும் இருக்கும் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களில் ஒருவர் உளவாளி. யாருடைய பெயர் உண்மை, யாருடைய அன்பு உண்மை என்ற கேள்வி கடைசிவரை இழுத்துக்கொண்டே போகும்.

இதை இந்த ஊருக்குக் கொண்டுவர நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. இந்தப் போர் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் வந்து போன போர். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களில் பலருக்குச் சிங்கப்பூர் இரண்டாவது ஊர். கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் என்று தாமிரபரணிக் கரையில் எத்தனையோ குடும்பக் கதைகள் இருக்கின்றன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் ஜப்பானியர் போட்ட ரயில்பாதையில், மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்தார்கள். பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். மேடையில் பார்க்கிற வாய்ப்பு எத்தனை தடவை வரும்?

சரி, மொழி விஷயத்துக்கு வருகிறேன். மேடைக்கு மேலே திரையில் ஓடும் சப்டைட்டிலைத் தமிழில் தயாரிக்கும் பொறுப்பும், காட்சியின்போது அதை ஓட்டும் பொறுப்பும் என்னிடம் வந்தன. சினிமா சப்டைட்டில் மாதிரி ஒரு தடவை நேரம் குறித்துவிட்டுப் போக முடியாது. நடிகர் ஒருநாள் வேகமாகப் பேசுவார், மறுநாள் மூச்சு வாங்கி நிறுத்துவார். ஒவ்வொரு வரியையும் ஒரு ஆள் கணினியில் கையால் தட்டித் திரைக்கு அனுப்ப வேண்டும். தட்டுகிறவருக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும் ஒலி தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானிய வசனங்களையும் கான்டனீஸ் வசனங்களையும் குழு முன்கூட்டியே பதிவுசெய்து அனுப்பியது. அடுக்களையில் வேலை செய்யும்போதெல்லாம் அவற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கே குரல் தாழ்கிறது, எங்கே வாக்கியம் முடிகிறது என்று காது பழகிய பிறகுதான் கைக்கு நம்பிக்கை வந்தது. சப்டைட்டில் ஓட்டுகிறவரைக் கடைசி நாளில் தேடாதீர்கள். அவரும் ஒத்திகைக்கு வர வேண்டிய ஆள்.

ஒரு திரைக்கு இரண்டு வரி, ஒரு வரிக்குச் சுமார் முப்பது எழுத்து. இதைத் தாண்டினால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாசிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. வசனம் முழுவதையும் மொழிபெயர்க்க ஆசை வரும், முக்கியமாக வசனம் அழகாக இருந்தால். அந்த ஆசையை அடக்க வேண்டும். திரையைப் பார்க்கிற கண் நடிகரைப் பார்ப்பதில்லை. பாதியாகக் குறைத்த வசனம்தான் நடிகருக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

த்ரில்லரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. நடிகர் சொல்லி முடிப்பதற்கு முன்பே திரை சொல்லிவிடும். "உன்னைக் காட்டிக் கொடுத்தது இன்னார்" என்ற இடத்தில் பெயர் அரை வினாடி முன்னால் திரையில் வந்தால் போச்சு, இரண்டு மணி நேர வேலை வீண். அதனால் அந்த மாதிரி இடங்களில் வசனத்தை இரண்டாக வெட்டி, பெயரை மட்டும் தனித் திரையாக வைத்து, நடிகரின் வாயிலிருந்து அது வந்த பிறகே தட்டினேன். இப்படிப்பட்ட இடங்கள் எவையெவை என்று இயக்குநரிடம் கேட்டு, என் பிரதியில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டேன். மற்ற இடங்களில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கெட்டுப்போகாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாடகத்தின் முக்கியத் தடயம் ஒன்று எண்ணுவதில் இருக்கிறது. ஒரு பாத்திரம் தனியாக உட்கார்ந்து நோட்டு எண்ணும். ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு. அப்போது வாய்க்குள் முணுமுணுப்பது எந்த மொழியில் என்பதுதான் தடயம். மனிதர் எந்த மொழியில் பொய் சொன்னாலும் பணத்தை எண்ணும்போது தன் மொழிக்கு வந்துவிடுவார். மற்ற ஊர்களில் அந்த இடத்தில் "ஜப்பானிய மொழியில் எண்ணுகிறார்" என்று திரையில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பார்வையாளர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியதை நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். ஆனால் போடாமல் விட்டால், ஜப்பானியம் எது, கான்டனீஸ் எது என்று இங்கே காதால் பிரித்தறிய எத்தனை பேருக்கு முடியும்?

வழி நாடகத்துக்குள்ளேயே இருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய மொழி வகுப்புகள் நடந்தன. முதல் பகுதியில் அப்படி ஒரு வகுப்புக் காட்சி உண்டு. ஊர் ஊராகப் போனதில் நேரம் மிச்சப்படுத்த அதைச் சுருக்கியிருந்தார்கள். "தம்பி, இந்தக் காட்சியை நீட்டுங்க. எங்க ஜனங்களுக்கு ஒண்ணுல இருந்து பத்து வரை சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் கதையை நடத்துங்க" என்று இயக்குநரிடம் கேட்டேன். அவர் சிங்கப்பூர்ப் பையன், தமிழ் நன்றாகப் பேசுவார். "அக்கா, வேகம் குறைஞ்சிடுமே" என்று தயங்கினார். ஒத்திகையில் செய்து பார்த்ததும் ஒப்புக்கொண்டார். வகுப்பு ஆசிரியராக நடித்தவர் மேடையின் விளிம்புக்கு வந்து "இச்சி, நி, சான், ஷி, கோ" என்று அரங்கத்துக்கே சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் பிள்ளைகள்தான் திருப்பிச் சொன்னார்கள். இரண்டாம் நாள் முன்வரிசை ஆச்சிமார்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு, ஒரு மணி நேரம் கழித்து, அந்த நோட்டு எண்ணும் காட்சி. திரையை வெறுமையாக விட்டேன். "இச்சி... நி..." என்று முணுமுணுப்பு வந்ததும் அரங்கத்தில் ஒரு மூச்சிழுப்பு கேட்டது. அதற்குப் பின்னால் யாரும் நாற்காலியில் சாய்ந்து உட்காரவில்லை.

இந்த ஒரு அனுபவத்தை வைத்தே பலமொழி நாடகம் நடத்தும் எல்லோருக்கும் சொல்வேன்: எங்கெல்லாம் சப்டைட்டில் வேண்டாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடையநல்லூரிலிருந்து வந்த பெரியவர்கள் சிலருக்கு மலாய் தெரியும். மலாய் வசனங்களுக்கு அவர்கள் திரை வருமுன்பே சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்து "என்ன சொன்னாம்?" என்று கேட்டார்கள். ஒரு ஊரில் பல மொழி தெரிந்தவர்கள் கலந்து வாழ்வது எப்படி இருந்திருக்கும் என்பதை மேடையைவிட அந்த நாற்காலி வரிசை நன்றாகக் காட்டியது. அந்தச் சிரிப்பு கேட்கட்டும் என்பதற்காகவே மறுநாள் மலாய் வசனங்களின் திரையைச் சற்றுத் தாமதமாகத் தட்டினேன்.

கருவி விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு எல்இடி சுவர் வாடகைக்கு எளிதாகக் கிடைக்கும். எங்கள் சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியும் அதைத்தான் போடலாம் என்றார். இந்த நாடகத்துக்கு அது ஒத்துவராது. பாதி நாடகம் அரைவெளிச்சத்தில் நடக்கிறது. எல்இடி சுவரின் வெளிச்சம் மேடை முழுக்கக் கொட்டி, ஒளிந்திருக்கிற ஆளையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். புரொஜெக்டர்தான் சரி. கறுப்புப் பின்னணி, பால் வெள்ளைக்குச் சற்றுக் குறைவான எழுத்து. புரொஜெக்டரிலிருந்து கறுப்புப் படம் விழும்போதும் ஒரு சாம்பல் வெளிச்சம் திரையில் இருக்கும். முழு இருட்டு வேண்டிய இடங்களில் லென்சுக்கு முன்னால் ஒரு அட்டையை இறக்க ஒரு பையனை நிறுத்தினோம். திரை நடிகர் தலைக்கு மேல் மூன்றடிக்குள் இருக்கட்டும். அதற்கு மேலே போனால் முன்வரிசைக்காரர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தால் வேறு கணினியில் எழுத்து குதறிப்போகும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். காட்சிக்கு ஓடப்போகிற அதே கணினியில், அதே புரொஜெக்டரில் முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள சில வினாடி ஆகும். விளக்கு வகைப் புரொஜெக்டர் அந்தச் சில வினாடியில் அணைந்தால் மறுபடி சூடாகி எரியப் பல நிமிடம் பிடிக்கும். அதனால் புரொஜெக்டரும் கணினியும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். இதை அண்ணாச்சி தானாகவே செய்துவைத்திருந்தார். இரண்டாம் நாள் மின்சாரம் போனபோது மேடை விளக்கு மட்டும் அணைந்தது, திரையில் வரி நின்றது, நடிகர்கள் இருட்டிலேயே பேசிக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் அது நாடகத்தின் பகுதி என்றே நினைத்தார்கள்.

குழுவினர் கொண்டுவந்த ஒரு உத்தியை நான் வேண்டாம் என்று சொன்னேன். அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியக் காவலர்முன் யாராக இருந்தாலும் குனிந்து வணங்கித்தான் கடந்து போக வேண்டும், தவறினால் அறை விழும். இதை உணர்த்த, மற்ற ஊர்களில் அரங்க வாசலிலேயே சீருடை போட்ட நடிகர் நின்று, டிக்கெட்டோடு வருகிறவர்களைக் குனியச் சொல்வார். சென்னையில் ஆட்கள் சிரித்துக்கொண்டே குனிந்துவிட்டுப் போனார்களாம். எங்கள் மாவட்டத்தில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. தோளில் கிடந்த துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். நிற்க வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். வாசலில் ஒருவரைக் குனியச் சொல்வது இங்கே விளையாட்டாக முடியாது.

இயக்குநர் முதலில் யோசித்தார். பிறகு, கூட வந்திருந்த மூத்த நடிகர் ஒருவர் சொன்ன யோசனைப்படி அதை மேடைக்குள் கொண்டுபோனார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரராக வரும் அதிகாரமான தமிழர், தன் வேலையாட்களை எப்போதும் கைகட்டி நிற்க வைப்பவர், காவலர்முன் வந்ததும் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக் குனிகிறார். வசனமே கிடையாது. வேலையாள் பின்னால் நின்று அதைப் பார்க்கிறான். நாடகத்தில் இப்படி ஒரு இடம் இதற்கு முன் இல்லை. இங்கே வந்த பிறகு சேர்ந்தது, இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. வெளியூர்க் குழுவை அழைக்கிறவர்கள் விருந்தோம்பலோடு நின்றுவிடாமல் இப்படி வாய் திறந்து சொல்வதும் பொறுப்பு என்று நினைக்கிறேன். எந்த இடம் எந்த ஊரில் எப்படி விழும் என்று குழுவுக்கு எப்படித் தெரியும்?

பெண் வேடத்துக்கு வருகிறேன். இந்த ஊர் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று குழுவுக்குப் பயம் இருந்தது. எனக்கு இருக்கவில்லை. நாடகத் தந்தை என்று நாம் கொண்டாடும் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்தது தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில். ஸ்திரீபார்ட் என்றால் இங்கே விளக்கம் சொல்லத் தேவையில்லை. சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அண்ணாவி பாட, மகுடம் என்ற பறையை அடிக்க, பெண் வேடம் கட்டிய ஆண்கள் விடிய விடிய ஆடுவார்கள். வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் முருகன் வந்து வள்ளியை மயக்கிய கதையை எத்தனை கொடையில், எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம். ஆசையும் ஆள்மாறாட்டமும் சேர்ந்த கதைக்கு எங்கள் ஜனங்களைவிடத் தயாரான பார்வையாளர் கிடைப்பது கஷ்டம்.

கணியான் கூத்தில் பல வருஷம் பெண் வேடம் கட்டிய ஒரு பெரியவரை ஒத்திகைக்கு அழைத்தோம். நாயக நடிகர் சென்னையில் பயிற்சி பெற்றவர், நன்றாக நடிப்பவர். பெரியவர் ஒரு காட்சி முழுக்கப் பேசாமல் பார்த்தார். பிறகு, "தம்பி, நடையில ரொம்பச் சிரமப்படுதிய. நடை தானா வரும். நிக்கும்போது கையை எங்க வைக்கணும்னு பாத்துக்கிடுங்க. ஆம்பளன்னு அங்கதான் தெரிஞ்சுபோவும்" என்றார். அப்புறம் சேலையைத் தானே அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். இரவு முழுக்க அவிழாமல் இருக்க உள்ளே எங்கே முடிச்சு போட வேண்டும், வியர்வையில் முகப்பூச்சு ஓடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொன்னார். ஒரு மத்தியானம்தான். நாயக நடிகரின் நடிப்பில் அது தெரிந்தது. இப்படி வருகிறவருக்கு மாலையும் பொன்னாடையும் போட்டு அனுப்பிவிடக் கூடாது. ஆலோசகர் என்று பட்ஜெட்டில் எழுதி, பணம் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தோம்.

ஆசையைக் காட்டும் காட்சி இரண்டாம் பகுதியில் வருகிறது. மொழிபெயர்ப்பாளன் அவருடைய கூந்தலைச் சீவிவிடும் காட்சி. அது பொய்க் கூந்தல் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா என்பது நமக்குத் தெரியாது. பின்வரிசையிலிருந்து விசில் வருமோ என்று எங்கள் ஆட்கள் பயந்து, விளக்கைக் குறைத்துவிடலாம் என்றார்கள். வேண்டாம் என்று இயக்குநர் உறுதியாக நின்றார். அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப் பட்டது. விளக்கை மங்கலாக்கினால் ஏதோ மறைக்கிறார்கள் என்று ஆகி, அப்போதுதான் விசில் வரும். நடிகர் தயங்கினாலும் வரும். அந்தக் காட்சியின் ஒவ்வொரு அசைவும், கை எந்த இடத்தில் எத்தனை எண்ணிக்கை நிற்க வேண்டும் என்பது உட்பட, முன்கூட்டியே முடிவானது. இரு நடிகர்களின் சம்மதமும் எழுத்தில் இருந்தது. ஒத்திகையில் வெளி ஆட்களுக்கு அனுமதி இல்லை, நானே வெளியே நின்றேன். காட்சி அன்று வாசலில் எல்லோருடைய போன் கேமராவிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டினோம். நடிகரின் உடல் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. முகம் சுளித்தவர்கள் உண்டு. காரணம் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள்.

அனுமதி விவகாரம் நினைத்த அளவு கடினமில்லை. நாடகப் பிரதியைப் போலீசிடம் கொடுத்து முன் அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, நாடக இயக்குநர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிரதி கேட்டால் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம். ஆனாலும் நிகழ்ச்சி பற்றிக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். எங்கள் விஷயத்தில் கூடுதல் காரணம் இருந்தது: மரத் துப்பாக்கிகளும் ராணுவச் சீருடைகளும் ரயிலில் வந்தன. அவற்றின் படத்தோடு குழுவின் கடிதம் ஒன்றை உடன் வந்தவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். துப்பாக்கிச் சத்தம் ஸ்பீக்கரில் மட்டும்தான். அது வரும் என்பதை வாசலிலும் எழுதிவைத்தோம், மைக்கிலும் சொன்னோம், இதய நோய் உள்ளவர்களுக்காக. திறந்த வெளியில் போடுவதாக இருந்தால் இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது. 500 ரூபாய்க்கு உட்பட்ட நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாடகத்தில் நாயகர் பாடும் பழைய பாடல்கள் சங்கரதாஸ் சுவாமிகளுடையவை. அவர் மறைந்தது 1922இல், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளோடு காப்புரிமை முடிந்துவிடும் என்பதால் மேடையில் பாடுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

டிக்கெட்டை நாங்கள் இலவசமாக்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று. பணம் கொடுத்து வாங்கியவர்கள் மழைத் தூறலிலும் வந்தார்கள். மரியாதைக்குக் கொடுத்த பாஸ்களுக்கான நாற்காலிகள்தான் நிறையக் காலியாக இருந்தன, கடைசி நேரத்தில் மாணவர்களை உட்கார வைத்தோம். மாலை 6.30க்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தோம். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் புது பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர வேண்டும். ஊருக்கு வெளியே உள்ள அரங்கம் என்றால் ஒரு வேனுக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். துணையில்லாமல் வரும் பெண்களுக்கு நடுப்பகுதியில் நான்கு வரிசை ஒதுக்கினோம். இரண்டு நாளும் முதலில் நிறைந்தது அதுதான். காது கேளாதவர்கள் சிலரும் வந்திருந்தார்கள். தமிழ் வசனங்களுக்குத் திரையில் எதுவும் வராதது அவர்களுக்குப் பெரிய குறை. மறுநாள் முன்வரிசை ஓரத்தில் ஒரு மடிக்கணினி வைத்து, தமிழ் வசனங்களும் ஓடும்படி செய்தோம். காது கேளாதோர் கல்விக்கு நீண்ட வரலாறு உள்ள ஊர் பாளையங்கோட்டை. இங்கே நடத்துகிறவர்கள் இதைத் தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நாடகம் முடிந்த பிறகு உரையாடலுக்கு இருபது நிமிடம் வைத்திருந்தோம். இதை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் கடையநல்லூர்ப் பெரியவர் ஒருவர், அவருடைய அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வாழைமர நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஜப்பான் தோற்றதும் ஒரே நாளில் அது வெறும் காகிதமாகிவிட்டதை அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். மேடையில் இருந்த கடிகாரத்தையும் அவர் கவனித்திருந்தார். ஜப்பானியர் சிங்கப்பூர்க் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்தள்ளி வைத்தார்கள். நாடகத்தில் இருட்டிலேயே ஆட்கள் வேலைக்குக் கிளம்புவது அதனால்தான் என்று அவர் சொன்னபோது, அதுவரை அந்தக் காட்சியின் காரணம் தெரியாதவர்களுக்கும் தெரிந்தது.

இரண்டாம் நாள் எழுந்த திருநங்கை ஒருவர் கேட்ட கேள்விக்கு மேடையில் உடனே யாரிடமும் பதில் இல்லை. "நோட்டீஸ்ல 'பெண் வேடத்தில் ஒளிந்திருக்கும் ஆண்'னு போட்டிருக்கீங்க. நாடகத்துல பாத்தா அவங்க ஒளிஞ்சிருக்கிற மாதிரி தெரியலயே. சேலை கட்டுன பிறகுதான் நிம்மதியா இருக்காங்க. நோட்டீஸ் எழுதுனவங்க நாடகத்தைப் பாத்தாங்களா?" அரங்கம் கை தட்டியது. இயக்குநர் எழுந்து, கதைக்குள் அந்தக் கேள்வியைத் திறந்தே வைத்திருப்பதாகவும், நோட்டீஸ் அதை மூடிவிட்டது உண்மைதான் என்றும் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி, "அவ அப்படியே இருந்துட்டுப் போறா, உங்களுக்கு என்ன?" என்றார். அதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

குழு நோட்டீசை மாற்றிவிட்டது. அந்தத் திருநங்கையையும் அவர் தோழி ஒருவரையும் அடுத்த ஊர் ஒத்திகைக்குப் பயணச் செலவும் சம்பளமும் கொடுத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். நான் தயாரித்த தமிழ்த் திரைகளின் கோப்பும், எங்கெங்கே தட்டக் கூடாது என்ற சிவப்புக் குறிகளோடு என் பிரதியும் அவர்களிடம் இருக்கின்றன. மதுரையிலோ நாகர்கோவிலிலோ இதை நடத்த நினைப்பவர்கள் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப வரிகளைத் தாராளமாக மாற்றுங்கள், ஆனால் வகுப்புக் காட்சியைச் சுருக்க விடாதீர்கள்.